ஆஷாவின் முந்நூற்று ஒன்பது அளவுகள்

எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. வெறும் வயிற்றில் தொண்ணூற்றுக்கும் தொண்ணூற்று நாலுக்கும் இடையில் இருப்பேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நூற்றுப் பத்தைத் தாண்டியதில்லை. இவ்வளவு துல்லியமாக எனக்கு இது தெரிந்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

என் மனைவி ஆஷாவின் மரணத்தை முன்னிட்டு, ஆராய்ச்சிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் காந்தா மேடத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகவும், நான் ஏதும் சொல்ல விரும்பினால் எழுத்தில் தரலாம் என்றும் உங்கள் ஆஸ்பத்திரியின் விசாரணைக் கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. காந்தா மேடம் மீது தப்பில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

என் பெயர் குணசேகர். வயது முப்பத்தொன்று. பி.எஸ்சி. இயற்பியல். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவன். இப்போது ஜீவனஹள்ளியில் வாடகை வீட்டில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக ஒரு கேலிபரேஷன் கம்பெனியில் வேலை. தொழிற்சாலைகளுக்குப் போய்த் தராசு, அழுத்தமானி, வெப்பமானி எல்லாம் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர். சோதிப்பதற்கு எங்கள் பையில் ஒரு ‘மாஸ்டர்’ இருக்கும். எடை இவ்வளவுதான் என்று முன்பே நிச்சயமாகத் தெரிந்த ஓர் இரும்புத் துண்டு. தராசு சந்தேகமாக இருந்தால் அதை வைத்துப் பார்ப்போம். மாஸ்டரின் எடை சரியாக வந்தால் தராசு சரி என்று அர்த்தம்.

ஆஷாவின் அப்பா பால்ராஜும் என் அப்பாவும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். ஆஷா வீட்டார் கிறிஸ்தவர்கள், நாங்கள் பௌத்தர்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆஷா இங்கே ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மர்பி டவுன் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பாள்.

ஆஷா கர்ப்பமாகி ஐந்தாவது மாதம் முடியும்போது குளுக்கோஸ் தண்ணீர் குடிக்க வைத்து ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை இருக்கிறது என்றார்கள். உங்கள் ஆஸ்பத்திரியில் கர்ப்ப காலச் சர்க்கரைக்கு ஓர் ஆராய்ச்சி நடப்பதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நான்தான் அதைப் படித்தேன். சேரலாம் என்று சொன்னதும் நான்தான். ஆஷாவுக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை.

“என்னை எலி மாதிரி வெச்சுப் பார்ப்பாங்களா குணா?”

“எலியை யாரும் இப்படிக் கவனிச்சுப் பார்க்க மாட்டாங்க” என்றேன்.

சம்மதப் பத்திரம் பதினான்கு பக்கம். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஸ்ரீஹர்ஷா பொறுமையாக விளக்கினார். ஒரு பிரிவினருக்கு உணவுக் கட்டுப்பாடும் நடையும் மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அவற்றோடு ஒரு மாத்திரை. யார் எந்தப் பிரிவு என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும். வீட்டில் தினமும் நாலு வேளை விரலில் குத்தி மீட்டரில் பார்த்து டயரியில் எழுத வேண்டும். வெறும் வயிற்று அளவு ஒரே வாரத்தில் மூன்று தடவை தொண்ணூற்றைந்தைத் தாண்டினால், எந்தப் பிரிவாக இருந்தாலும் இன்சுலின் ஊசி ஆரம்பித்துவிடுவார்கள். தாய்க்கும் குழந்தைக்கும் அதுதான் பாதுகாப்பு என்றார். எனக்கு இது புரிந்தது. புரிந்தது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

ஆஷா உணவுப் பிரிவில் விழுந்தாள். ராகிக் களி, கீரை, முட்டை. சாயங்காலம் காக்ஸ் டவுன் மார்க்கெட் வரை நடை.

அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். பால்ராஜ் மாமாவுக்குச் சர்க்கரை இருந்தது. பத்து வயதிலிருந்து அவருக்கு இன்சுலின் போட்டுவிட்டது ஆஷா. அவருக்கு முதலில் இரண்டு கால்விரல் போனது, அப்புறம் பாதம், அப்புறம் அவரே. ஊசி போட்டதால்தான் எல்லாம் போனது என்று அவள் மனதில் பதிந்துவிட்டது. அப்படி இல்லை என்று படித்தவளுக்குத் தெரியும். தெரிந்தும், “ஊசி மட்டும் வேணாம் குணா” என்பாள்.

முதல் வாரம் திங்கட்கிழமை தொண்ணூற்றொன்பது. செவ்வாய் நூற்றொன்று. புதன்கிழமை காலை நூற்றுப் பதினெட்டு. அவள் கட்டிலில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு மீட்டர் மேல் சந்தேகம் வந்தது. தொழில் பழக்கம். கை கழுவி, என் விரலில் குத்தி, இன்னொரு ஸ்ட்ரிப்பில் பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு. அதாவது மீட்டர் சரி.

இதில் நான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

மறுநாள், வியாழக்கிழமை, ஆஸ்பத்திரியில் விசிட். காந்தா மேடம் மீட்டரின் மெமரியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

“ஏன்ரீ குணசேகர், இது என்ன? நூத்திப் பதினெட்டு. ரெண்டு நிமிஷம் கழிச்சுத் தொண்ணூத்தி ரெண்டு. பழம் ஏதாச்சும் உரிச்சுட்டுக் குத்துனீங்களா?”

நான் டயரியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“நோடி, இங்க பாருங்க, பழம் தொட்ட கையோட குத்துனா இப்படித்தான் காட்டும். ரெண்டாவதுதான் கரெக்ட். மறுபடி செக் பண்ணீங்க பாருங்க, அது ரொம்ப புத்திசாலித்தனம். மத்த புருஷனுங்க எல்லாம் வெளியில டீ குடிச்சுட்டு நிப்பாங்க.”

டயரியில் அவரே தொண்ணூற்றிரண்டு என்று எழுதினார். மூன்றுக்குப் பதில் இரண்டு தடவைதான் தாண்டியிருந்தது. இன்சுலின் இல்லை.

ஆட்டோவில் ஆஷா சிரித்தாள். “பழத்த நான் கண்ணால பார்த்தே பத்து நாளாச்சு.” சிரித்து முடித்து, “உன் ரத்தம் ரொம்ப சமத்து, குணா. பரீட்சைக்கு இனிமே உன்னையே அனுப்பலாம்” என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அடுத்த நாள் காலை அவள் விரலை நீட்டினாள். நுனியெல்லாம் கறுப்புப் புள்ளிகள். கீபோர்டு கட்டையைத் தொட்டால் வலிக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைக்கான பயிற்சிக்குக்கூட அவள் போகவில்லை. நான் அவள் கையைத் தள்ளிவிட்டு என் விரலில் குத்தினேன். தொண்ணூற்றொன்று. அவள் என் விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

முதலில் அந்த ஒரு வாரத்துக்கு என்றுதான் பேசிக்கொண்டோம். அதற்குள் உணவை இன்னும் ஒழுங்குபடுத்திவிடலாம், நடையைக் கூட்டலாம், பிறகு அவள் விரலிலேயே பார்க்கலாம் என்று. அடுத்த வியாழக்கிழமை டாக்டர் ஸ்ரீஹர்ஷா டயரியைப் பார்த்தார். இருபத்தெட்டு அளவுகள், இருபத்தெட்டும் வரம்புக்குள். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

“வெறும் சாப்பாட்டுலயே இவ்வளவு நல்ல கன்ட்ரோல். இதத்தான் நாங்க நிரூபிக்கணும்னு இருக்கோம்” என்றார். என் பெயரைச் சரியாகச் சொன்னார். ஒன்பது வருடமாக வேலை செய்யும் இடத்தில் என்னைக் ‘கேலிபரேஷன்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

வெளியே வந்ததும் ஆஷா, “சொல்லிடலாமா?” என்றாள்.

“அடுத்த விசிட்டுல சொல்லிடலாம்” என்றேன்.

இருபத்தெட்டாவது வாரத்திலிருந்து அவளுக்குத் தாகம் அதிகமாக இருந்தது. பள்ளிக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கொண்டுபோவாள், போதாது என்பாள். அடிக்கடி பாத்ரூம் போனாள். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் அப்படித்தான் என்று கூகுளில் இருந்தது. வேறு விஷயங்களும் இருந்தன. நான் அதுவரைதான் படித்தேன்.

ஒரு விசிட்டில் அவளே ஆரம்பித்தாள். “மேடம், உங்ககிட்ட ஒரு விஷயம்...”

“நடக்கும்போது கால் வலிக்குதாம், மேடம்” என்றேன் நான்.

காந்தா மேடம் கால் வலிக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார். ஆஷா அவர் செய்து காட்டியதைத் திருப்பிச் செய்தாள். வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு தண்ணீர் பாட்டில் வாங்கினாள். அவள் பிறகும் தனியாகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

அந்த மாதம் டாக்டர் ஸ்ரீஹர்ஷா என்னிடம் ஓர் உதவி கேட்டார். ஆராய்ச்சியில் சேர்வதா வேண்டாமா என்று யோசிக்கும் தம்பதிகளைச் சனிக்கிழமை காலை கூட்டி உட்கார வைத்திருந்தார். பதினோரு ஜோடி. ஒரு கணவன் பேசினால் கணவன்மார்கள் கேட்பார்கள் என்றார். தமிழிலும் கன்னடத்திலும் இருபது நிமிடம் பேசினேன். ஒழுங்குதான் முக்கியம், அளவு எடுக்கும் வேலையை மனைவி தலையில் கட்டாதீர்கள், நீங்களே பொறுப்பெடுங்கள் என்றேன். எல்லாம் சரியான வார்த்தைகள். அன்றைக்கே ஒன்பது ஜோடி கையெழுத்துப் போட்டார்கள். ஆஷா கடைசி வரிசையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் கவினைப் பார்த்தேன். ஈரோட்டுப் பையன், சாஃப்ட்வேர் வேலை. அவன் மனைவி வித்யாலட்சுமிக்கு அப்போது ஐந்தாவது மாதம் முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டான்.

முப்பத்திரண்டாவது வாரம் கையிலிருந்து ரத்தம் எடுத்துச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி பார்த்தார்கள். அதிகமாக வந்தது. காந்தா மேடம் போன் செய்தார்.

“டயரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. ஆஷாவ நாளைக்கே ஒருக்கா கூட்டிட்டு வர்றீங்களா? வெறும் வயித்துல இங்கயே எடுத்துடறேன்.”

நான் அவரிடம் என் தொழில் முறையில் பேசினேன். இருநூறு அளவு ஒரு பக்கம், ஒரே ஓர் அளவு இன்னொரு பக்கம் என்றால் எதைச் சந்தேகப்படுவது நியாயம் என்று கேட்டேன். அன்று லேபில் கூட்டம், டியூப்பில் பெயர் ஒட்டும்போது மாறியிருக்கலாம், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன் என்றேன். நான் பார்க்கவில்லை. அவர், “நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். ஃபைலில் ‘ரத்த மாதிரி மாறியிருக்கலாம், அடுத்த விசிட்டில் மீண்டும் பார்க்கவும்’ என்று எழுதினார். அந்த வரிக்காகத்தான் அவரை நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். அது என் வரி. அடுத்த விசிட்டுக்கு ஆஷாவுக்குக் காய்ச்சல் என்று நான் டயரியை மட்டும் கொண்டுபோனேன். அவளுக்குக் காய்ச்சல் இல்லை.

முப்பத்து நாலாவது வாரத்தில் ஒரு நாள் ஆஷா பள்ளியிலிருந்து வரும்போது மெடிக்கல் ஷாப்பில் ஒரு மீட்டர் வாங்கி வந்தாள். என்னிடம் கேட்காமல் அவளே குத்திப் பார்த்தாள். நான் வேலையிலிருந்து வந்து ஷூ கழற்றும்போது அதை என் முன்னால் வைத்தாள். இருநூற்று முப்பத்தொன்று.

“ஊசி போட்டுக்கறேன் குணா. எனக்குப் பயமில்ல. போன் பண்ணு.”

“கடை மீட்டர். கேலிபரேட் பண்ணாதது” என்றேன்.

“அப்ப கேலிபரேட் பண்ணு. அதான உன் வேல?”

செய்தேன். என் விரலில் குத்தி இரண்டு மீட்டரிலும் பார்த்தேன். ஆஸ்பத்திரி மீட்டரில் நூற்றாறு. கடை மீட்டரில் நூற்றெட்டு. இரண்டு புள்ளி வித்தியாசம் ஒரு வித்தியாசமே இல்லை. கடை மீட்டரின் திரையை அவள் பார்க்கும் முன் அணைத்தேன்.

“ரொம்ப ஜாஸ்தி காட்டுது” என்றேன்.

என் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து அதில் ஒட்டினேன். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். ஒன்பது வருடத்தில் நான் தப்பாக ஒட்டிய ஒரே ஸ்டிக்கர் அது. ஆஷா அதைக் கையில் எடுத்து என் கையெழுத்தைப் பார்த்தாள். என்னை நம்பினாளா என்று தெரியவில்லை. மறுபடி கேட்கவில்லை.

ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். முதல் வாரம் அவள் பயத்துக்காக. இரண்டாவது வாரத்திலிருந்து சரியான காரணம் ஒன்று சொல்ல வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் இருநூறு அளவுகளும் வீணாகும், டாக்டரின் ஆராய்ச்சி கெடும், பல பெண்களுக்குப் பயன்படப் போவது ஒன்று நின்றுபோகும். இப்படித்தான் நினைத்தேன். இது முழுக்கப் பொய்யில்லை.

முப்பத்தாறாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து வாந்தி. மூச்சு வேகமாக வந்தது, ஓடி வந்தவள் மாதிரி. வாயில் அழுகிய பழ வாசனை. குழந்தை அசைவது குறைவாக இருக்கிறது என்றாள். அன்றைய மூன்று அளவுகளையும் அந்தந்த நேரத்தில் எடுத்து எழுதினேன்.

மூன்று மணிக்கு அவள், “கார்டுல இருக்கிற நம்பருக்கு போன் பண்ணு” என்றாள். ஆராய்ச்சியில் சேர்ந்த எல்லோருக்கும் நீங்கள் கொடுத்த கார்டு. எந்த நேரமும் கூப்பிடலாம் என்று அதில் மூன்று மொழியில் இருக்கிறது. நான் கூப்பிடவில்லை. அங்கே போனால் முதலில் கையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். பக்கத்திலிருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குக் கூட்டிப் போனேன்.

டியூட்டி டாக்டர் ப்ரஹ்லாத் என்று ஓர் இளைஞர். டயரியை நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“அருமையா மெயின்டெயின் பண்ணியிருக்கீங்க. இப்ப எவ்வளவு இருக்கு? சிஸ்டர், ஒரு சுகர் பாருங்க.”

சிஸ்டர் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பினார்.

“மீட்டர் எங்கிட்டயே இருக்கு டாக்டர், நானே பார்க்கறேன்” என்றேன். “அவளுக்கு நான் குத்துனாத்தான் வலிக்காது.”

ஆஷா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு வரவில்லை. கையை மட்டும் என் பக்கம் நீட்டினாள், விரல் மேலே இருக்கும்படி. நான் கை கழுவ வேண்டும் என்று வராந்தாவிலிருந்த வாஷ் பேசினுக்குப் போனேன். அங்கே நின்று என் விரலில் குத்தினேன். தொண்ணூற்று நாலு. உள்ளே வந்து திரையை டாக்டரிடம் காட்டினேன்.

வாந்தியால் உடம்பு வறண்டிருக்கிறது என்று சொல்லிக் குளுக்கோஸ் பாட்டிலை மாட்டினார். பாட்டிலின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் படிக்கத் தெரியும். அது ஐம்பது நிமிடம் இறங்கியது. நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தேன். அதற்குள் சிஸ்டர் குழந்தையின் இதயத் துடிப்பைத் தேட ஆரம்பித்திருந்தார். கிடைக்கவில்லை. பிறகு ரத்தம் எடுத்தார்கள். ஐந்நூற்றுக்கு மேல். ஆம்புலன்சில் உங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தோம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆஷா இறந்தாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது. பெண் குழந்தை. நாலு கிலோ இருநூறு கிராம். அந்தத் தராசில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது.

டயரியில் என் அளவுகள் முந்நூற்றெட்டு. நர்சிங் ஹோமில் எடுத்தது ஒன்று. மொத்தம் முந்நூற்று ஒன்பது. முதல் சில நாள் அவள் குத்திக்கொண்டவை போக, அவள் பெயரில் இருக்கிற எல்லாம் என்னுடையவை. என் மனைவியையும் மகளையும் கொன்றது நான்.

இன்னொரு சின்ன விஷயம். ஆஷாவை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்துக் கவின் போன் செய்தான். மற்றவர்கள் விஷயத்தை நீங்கள் வெளியே சொல்வதில்லை என்பதால் அவனுக்கு எதுவும் தெரியாது.

“அண்ணா, அக்காவுக்கு டெலிவரி ஆயிருச்சுங்களா?”

“ஆயிடுச்சு.”

“சூப்பருங்கண்ணா. ஸ்வீட் எல்லாம் கெடையாதுங்களா?” சிரித்துவிட்டு, “வித்யாவுக்கு காலைல நூத்திப் பதினஞ்சு வருதுங்ணா. ரெண்டு நாளா அழுதுட்டே இருக்கா. ஊசி போட்டுருவாங்கன்னு பயம். நீங்க எப்படிங்ணா சமாளிச்சீங்க?” என்றான்.

நான் பொய் சொல்லவில்லை. “மீட்டர் சரியா இருக்கான்னு உங்க ரத்தத்தை வெச்சு ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்க” என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எந்தத் தொழில்காரனும் அதைத்தான் சொல்வான்.

அவன் நான் சொன்னதை ஒரு தடவை மெதுவாகத் திருப்பிச் சொன்னான். பிறகு, “புரிஞ்சுதுங்ணா” என்றான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மீட்டரைப் படம் பிடித்து அனுப்புகிறான். எண்பத்தெட்டு. தொண்ணூறு. எண்பத்தொன்பது. அவளுடைய அளவாகவும் இருக்கலாம். நானும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிடுகிறேன். இன்று காலை அனுப்பியதில், வித்யாலட்சுமிக்கு ரொம்பத் தாகமாக இருக்கிறது, வெயில் அதிகம் என்று எழுதியிருந்தான்.

அவளுக்கு இப்போது முப்பத்து மூன்றாவது வாரம். உங்கள் கமிட்டி கூடுவது அடுத்த வியாழக்கிழமை என்று கடிதத்தில் இருக்கிறது. இன்னும் எட்டு நாள். நடுவில் வந்து உங்களைத் தொந்தரவு செய்வது முறையில்லை. இந்தக் கடிதத்தை அன்றைக்கு நேரில் கொண்டுவருகிறேன். அப்போது சொல்லிவிடலாம்.